வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்: சாம்பல்தீவில் ஒரு கோழிக்கொட்டிலும் கைமருந்தும்

தை மாதக் கடைசியில், திருகோணமலைக்குப் பக்கத்துச் சாம்பல்தீவில், கோழி வளர்க்கும் ஓர் அக்காவின் கொட்டிலுக்குள் போனபோது மூக்கில் முதலில் பட்டது மஞ்சள் வாசம். இறைச்சிக்கோழிக் கொட்டில்களில் கண்ணைக் கரிக்கவைக்கும் அந்த நெடி இல்லை. 300 கோழிகள், 33ஆவது நாள். நொண்டல் இல்லை, பின்பக்கத்தில் கழிச்சல் ஒட்டியிருக்கவில்லை, இறகு வெள்ளையாக இருந்தது. கையில் தூக்கிப் பார்த்தால் நெஞ்சுச் சதை நிறைந்து கிடந்தது.

"இந்தமுறை கடை மருந்து ஒண்டும் போடல்ல தம்பி. எல்லாம் அம்மாட கைமருந்துதான்" என்றார் அக்கா.

எனக்கு அதைக் கேட்கப் பெரிய சந்தோஷம். கால்நடைத் துறையில் வெளிக்கள வேலை செய்யும் எனக்கு, எங்கள் வீடுகளில் தலைமுறையாக இருந்த மருந்தறிவு ஒரு கொட்டிலுக்குள் வேலை செய்வதைக் காண வேண்டும் என்ற ஆசை எப்போதும் இருந்தது. அதனால்தான் அந்த வார்த்தையை அப்படியே எழுதி அடுத்த பண்ணைக்குச் சொல்லாமல், தொடர்ந்து போய்ப் பார்ப்போம் என்று நினைத்தேன். தை முதல் மார்கழி வரை நான்கு தொகுதிக் கோழிகள். ஒரே கொட்டில், ஒரே குடும்பம். அங்கே கண்டதுதான் இது.

கொட்டில்

30 அடி நீளம், 12 அடி அகலம். 300 கோழிக்கு ஒன்றுக்கு 1.2 சதுர அடி வருகிறது, அது போதும். சீமெந்துத் தரை, மேலே தகரம், தகரத்துக்கு மேல் கிடுகு. தரையில் தம்பலகாமத்து நெல் ஆலையிலிருந்து வரும் உமி. மேற்குப் பாதி கொஞ்சம் மேடு. கிழக்குப் பாதியின் ஓரத்தில் தண்ணீர்த் தாங்கி, அதிலிருந்து குழாய். இந்த மேட்டையும் தாங்கியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அக்காவின் கணவர் கடலுக்குப் போகிறவர். கோழி வேலை அக்காவுக்கும் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் நிற்கும் மகனுக்கும். அக்காவின் அம்மாவை எல்லோரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான். வளர்ந்த கோழியை வாங்கிக்கொண்டு போவது கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு வியாபாரி. அக்கா அவரை, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் வழக்கப்படி, காக்கா என்று கூப்பிடுவார்.

மூலிகைப் பக்கம் அவர்கள் திரும்பிய காரணம் 2022. அதற்கு முந்தைய வருடம் இரசாயன உரம் இல்லாமல் சோளம் விளைச்சல் விழுந்தது. பிறகு டொலர் இல்லாமல் வெளியிலிருந்து சோளமும் சோயாவும் வருவது சுருங்கியது. கோழித்தீன் விலை ஏறிக்கொண்டே போனது, மருந்துக்கடையில் இருந்த பொருளும் இல்லாமல் போனது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் காலத்தில் சிறிய கொட்டில்கள் பல மூடப்பட்டன. மூடாமல் நின்றவர்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று தேடினார்கள்.

ஆச்சியின் உருண்டை

ஆச்சியின் ஊர் மூதூர்ப் பக்கம். ஊர்க்கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் என்றால் மஞ்சள், உள்ளி, நற்சீரகம், மிளகு, கீழ்க்காய்நெல்லி எல்லாவற்றையும் அம்மியில் அரைத்து, சோற்றில் பிசைந்து, சுண்டைக்காய் அளவில் உருட்டி வாய்க்குள் திணிப்பார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அங்கே பரப்பிவரும் கோழி உருண்டையிலும் ஏறக்குறைய இதே சரக்குகள்தான். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே அம்மி.

இந்தச் சரக்குகளில் வெறும் வாசம் மட்டும் இல்லை. மஞ்சள் தூளில் ஏறத்தாழ 2 முதல் 5 விழுக்காடு வரை குர்க்குமின் என்ற பொருள் இருக்கிறது. அது குடலிலிருந்து இரத்தத்துக்குள் எளிதில் ஏறாது. பெங்களூரில் மனிதர்களிடம் செய்து 1998இல் வெளிவந்த ஆய்வில், மிளகிலுள்ள பைபெரினைச் சேர்த்தபோது அது ஏறும் அளவு 20 மடங்கு கூடியது. மஞ்சளோடு மிளகு போட வேண்டும் என்று ஆச்சிக்கு யாரும் ஆய்வு படித்துச் சொல்லவில்லை. உள்ளியைப் பொறுத்தவரை, நசுக்கினால்தான் அதற்கு வேலை. முழுப் பல்லில் அலியின் என்ற பொருள் ஓர் அறையிலும், அதை மாற்றும் நொதியம் இன்னோர் அறையிலும் இருக்கின்றன. நசுக்கும்போது இரண்டும் சேர்ந்து அலிசின் உண்டாகிறது. கிருமியை அடக்குவதும் மூக்கைத் துளைப்பதும் அதுதான். சூடாக்கினால் நொதியம் செத்துவிடும், நசுக்கி வைத்துவிட்டாலும் அலிசின் நிலைத்து நிற்காது. அம்மியில் அரைத்து உடனே கொடுப்பது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

ஆனால் நான் ஆச்சியிடம் கேட்டு அறிந்த ஒரு விஷயம் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது. "எத்தனை நாள் குடுப்பீங்க ஆச்சி?" என்று கேட்டேன்.

"மூண்டு நாள். கூடினா அஞ்சு. சுகமான கோழிக்கு ஆர் மருந்து குடுப்பான்?" என்றார்.

அதாவது ஆச்சியின் மரபில் இது தீன் அல்ல, மருந்து. நோய் கண்ட கோழிக்கு, பத்துப் பன்னிரண்டு ஊர்க்கோழிக்கு, சில நாள். அக்கா செய்தது வேறு: நோயில்லாத 300 இறைச்சிக்கோழிக்கு, முதல் நாளிலிருந்து விற்கும் நாள் வரை, தீனில் கலந்து. சரக்கு ஒன்றாக இருந்தாலும் செய்கை வேறு. 'பாட்டி காலத்து முறை' என்று சொல்லித் தீனில் கலக்கும்போது, பாட்டி அப்படிச் செய்யவே இல்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தீனில் தினமும் கலப்பது புதிய முறை. புதிய முறைக்குப் புதிதாகச் சோதனை வேண்டும்.

இரண்டாம் தொகுதி

முதல் தொகுதி நல்லாக வந்ததால், ஆனி மாதத்தில் வந்த குஞ்சுகளுக்கு அக்கா அளவை இரட்டித்தார். 'அளவு' என்று நான் எழுதினாலும் தராசு எதுவும் இல்லை, கைப்பிடிக் கணக்குத்தான். ஒரு கைப்பிடி இரண்டு கைப்பிடி ஆனது. அதோடு யாரோ சொன்னார்கள் என்று நிலவேம்பும் வேப்பிலையும் காயவைத்து இடித்துச் சேர்த்தார்.

ஆனி மாதத்துத் திருகோணமலையை வெளியூர்க்காரருக்கு விளக்குவது கஷ்டம். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு எங்கள் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறுகிறது. அதுதான் கச்சான். பின்னேரம் கடற்காற்று திரும்பும்வரை மரத்தடியிலும் ஆறுதல் இல்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்ற வேண்டும். ஐந்தாம் வாரத்து இறைச்சிக்கோழி, உடம்பு முழுக்கச் சதையோடு, அந்தக் காற்றில் தகரத்தின் கீழ் நிற்கிறது.

அந்த வாரத்தில் மூன்று பின்னேரங்களில் மட்டும் 30க்கு மேல் செத்தன. மொத்தத்தில் 300இல் 41 போயின. மிஞ்சியவையும் சிறியவை. அக்கா எனக்கு ஃபோன் எடுத்தபோது அழுதார் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. கடன் வாங்கிப் போட்ட தீன் அது.

மிருக வைத்தியர் வந்து இரண்டு கோழிகளை அறுத்துப் பார்த்தார். தொற்றுநோய்க்கான அடையாளம் எதுவும் காணவில்லை. இரைப்பையில் தீன் மிகக் குறைவு. நான் தீன் மூட்டைகளை எண்ணினேன். 21ஆம் நாளுக்குள் ஒரு கோழி ஏறத்தாழ 1.2 கிலோ தின்றிருக்க வேண்டும். 300 கோழிக்கு 360 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் ஏழுக்கு மேல். அக்காவின் கொப்பியில் ஐந்து மூட்டையும் கொஞ்சமும்தான் போயிருந்தது. கச்சானின் உச்சம் வருமுன்னரே கோழிகள் தீனை ஒதுக்கத் தொடங்கிவிட்டன.

காரணம் கசப்பு. கோழிக்குச் சுவை தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். மிளகாயின் காரம் அதற்கு உறைக்காது என்பது உண்மைதான், பறவைகளின் நரம்பில் அந்த உணர்வு வேலை செய்வதில்லை. காய்த்த கொச்சிமரத்தைக் கிளியும் மைனாவும் காலியாக்குவது அதனால்தான். ஆனால் கசப்பை உணரும் மரபணுக்கள் கோழிக்கு மூன்று இருக்கின்றன. மனிதனுக்கு 25 அளவில் இருப்பதோடு பார்த்தால் சொற்பம், ஆனாலும் நிலவேம்பை ஒதுக்க மூன்று போதும். கசப்பை மீறித் தின்றாலும் வேப்பிலை அளவு கூடினால் வளர்ச்சி குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இறைச்சிக்கோழியின் முழு வாழ்க்கையே ஐந்தாறு வாரம். அதில் ஒரு வாரம் தீன் குறைந்தால் அது திரும்ப வராது.

காயவைத்த இலையிலும் ஒரு பிரச்சினை இருந்தது. சாக்கைத் திறந்தபோது அடியில் பூஞ்சண வாசம். இலை உள்ளே ஈரம் மாறாமல் கட்டப்பட்டிருக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேல் வான்கோழிகள் மர்மமாகச் செத்தபோதுதான் அப்ளாடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு உலகத்துக்குத் தெரியவந்தது. நஞ்சு வந்தது தீனிலிருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில். எங்கள் ஊரில் அந்தக் கடலைக்கும் கச்சான்தான் பெயர். அக்காவின் சாக்கில் நஞ்சு இருந்தது என்று சொல்ல நான் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. ஆனால் அந்தச் சாக்கை அன்றே எரித்தோம். மூலிகை என்பதற்காகப் பூஞ்சணம் அதை விட்டுவைக்காது.

தாங்கிக்குள் இருந்த பொடி

அன்று பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மகன் தானாகவே சொன்னான். முகம் வாடியிருந்தது. "அண்ணா, முதல் தொகுதிக் குஞ்சுக்கு நான் முதல் அஞ்சு நாளும் தண்ணியில மருந்து போட்டனான். அம்மாவுக்குத் தெரியாது. இந்தமுறை போடல்ல. அதாலதானோ?"

கடையில் பொட்டலமாகக் கிடைத்த அன்டிபயோட்டிக் பொடி. பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னாராம், குஞ்சு இறங்கியதும் போடு, பிறகு பயமில்லை என்று. மிருக வைத்தியரின் சீட்டு இல்லை.

அவனை ஏசக் கூடாது என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டேன். அவன் சொல்லாமல் விட்டிருந்தால் நான் இந்த நிகழ்வை முற்றிலும் பிழையாக எழுதியிருப்பேன். முதல் தொகுதி நல்லாக வந்ததற்கு இப்போது மூன்று காரணம் இருந்தன: ஆச்சியின் சரக்கு, மகனின் பொடி, தை மாதத்துக் குளிர்ச்சி. இரண்டாம் தொகுதி விழுந்ததற்கும் மூன்று: இரட்டித்த கசப்பு, பொடி இல்லாதது, கச்சான். எதை எதிலிருந்து பிரிப்பது? பிரிக்க முடியாது. நாங்கள் முழுக் கொட்டிலுக்கும் ஒன்றையே கொடுத்துவிட்டு, அதைப் போன வருடத்தோடோ பக்கத்து வீட்டோடோ ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அந்தப் பொடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1940களின் கடைசியில் அமெரிக்காவில், மிகச் சிறிய அளவு அன்டிபயோட்டிக் தீனில் சேர்ந்தால் குஞ்சு வேகமாக வளர்வதைக் கண்டார்கள். அதிலிருந்து உலகம் முழுவதும் அது பரவியது. பிறகு அதே மருந்துக்கு அடங்காத கிருமிகள் கொட்டிலிலும் பிறகு மனிதரிடமும் தோன்ற, 1986இல் சுவீடன் வளர்ச்சிக்காகக் கொடுப்பதை நிறுத்தியது. 2006 தை முதலாம் திகதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அது தடை. மனிதருக்குக் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற அன்டிபயோட்டிக்கை 2019இல் இந்தியா உணவுக்கான விலங்குகளுக்குத் தடுத்தது. மூலிகை பக்கம் உலகத்துக் கோழித்தொழில் பெரிய அளவில் திரும்பியது இந்தத் தடைகளை ஒட்டித்தான். ஆகவே மகனின் பொட்டலத்துக்கும் ஆச்சியின் அம்மிக்கும் நடுவில் நிற்கும் இந்தக் கேள்வி சாம்பல்தீவுக்கு மட்டும் உரியதல்ல.

வலை

புரட்டாதியில் மூன்றாம் தொகுதி. கணவரின் பழைய மீன்வலையொன்றை எடுத்து, கொட்டிலின் நடுவே குறுக்காகக் கட்டினோம். மேற்கில் 150, கிழக்கில் 150. ஒரே நாள் குஞ்சு, ஒரே தீன், ஒரே தடுப்பூசி. அன்டிபயோட்டிக் இரண்டு பக்கத்துக்கும் இல்லை. நோய் கண்டால் மிருக வைத்தியரைக் கூப்பிடுவது, அவர் சொல்வதைச் செய்வது. மேற்குப் பக்கத்துக்கு மட்டும் மூலிகை.

நிலவேம்பையும் வேப்பிலையையும் விட்டுவிட்டோம். மஞ்சள் தூள், காயவைத்த உள்ளித் தூள், கொஞ்சம் மிளகு. காக்கா கருஞ்சீரகத்தையும் போடச் சொன்னார். மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் அதில் மருந்து உண்டு என்று நபிமொழி இருப்பதைச் சொன்னார். கருஞ்சீரகத்தில் தைமோகுயினோன் என்ற பொருள் இருக்கிறது, கோழிகளில் நிறைய ஆராயப்பட்ட சரக்கும் அது. ஆனால் நான்கு சரக்கை ஒன்றாகப் போட்டால் எது செய்தது என்று தெரியாது. "அடுத்த முறை அதைத் தனியாகப் பார்ப்போம் காக்கா" என்று சொன்னேன், அவரும் ஏற்றுக்கொண்டார்.

அளவுக்குச் சமையலறைத் தராசு ஒன்று வாங்கினோம். இறைச்சிக்கோழி ஆய்வுகளில் மஞ்சள் பெரும்பாலும் தீனில் 0.5 முதல் 1 விழுக்காடு வரை பார்க்கப்பட்டிருக்கிறது. நாங்கள் 0.5 எடுத்தோம், 50 கிலோ மூட்டைக்கு 250 கிராம். காரணம் விலை. 2 கிலோ உயிரெடைக்கு வளர ஒரு கோழி ஏறத்தாழ 3.3 கிலோ தீன் தின்கிறது. 1 விழுக்காடு என்றால் ஒரு கோழிக்கு 33 கிராம் மஞ்சள். மஞ்சள் கிலோ 2000 ரூபாய் என்று வையுங்கள், ஒரு கோழிக்கு 66 ரூபாய் மஞ்சளுக்கே போய்விடும். இறக்குமதியை நிறுத்தியபின் 2020இல் மஞ்சள் விலை போன போக்கையும், கடல்வழியாக மன்னார்ப் பக்கம் கள்ள மஞ்சள் வந்திறங்கியதையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று நிறம் ஏற்றிய தூளை வாங்கவும் முடியாது. மஞ்சளுக்கு நிறம் கொடுக்க ஈயக் குரோமேற்றுக் கலக்கும் வழக்கம் தெற்காசியாவில் பிடிபட்டிருக்கிறது. அது கோழிக்குள் போனால் பிறகு நமக்குள்தான் வரும். கிழங்காக வாங்கி, கழுவி அவித்துக் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்தோம்.

கலப்பதில்தான் நான் எதிர்பாராத தொல்லை வந்தது. கடைத்தீன் குறுணலாக இருக்கிறது, எங்கள் சரக்கு மாவாக. இரண்டு நாளில் பார்த்தால் கோழிகள் குறுணலைப் பொறுக்கிவிட்டு மஞ்சள் தூளைத் தீன்தட்டின் அடியில் விட்டிருந்தன. அப்படியே விட்டிருந்தால் மருந்து கொடுத்ததாக நாங்கள் நினைத்துக்கொண்டிருப்போம், கோழி தின்றிருக்காது. பிறகு மூட்டைக்குக் கால் லீற்றர் தேங்காயெண்ணெயைத் தீனில் பிசறி, அதன்மேல் தூளைத் தூவினோம். ஒட்டிக்கொண்டது. ஆனால் எண்ணெயே கோழிக்குச் சக்தி. ஆகவே கிழக்குப் பக்கத்துத் தீனுக்கும் அதே அளவு எண்ணெய் பிசறினோம். அக்காவுக்கு முதலில் இது வீண்செலவாகத் தெரிந்தது. விளக்கியதும், அடுத்த மூட்டைக்கு அவரே அளந்து ஊற்றினார்.

தூளைக் கலப்பதும் ஒரே தடவையில் இல்லை. முதலில் 2 கிலோ தீனில், அதை 10 கிலோவில், அதை மூட்டையில். இல்லாவிட்டால் ஒரு கோழிக்கு எல்லாம், இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை.

ஒரு விபத்து நெருங்கி வந்து விலகியது. குஞ்சுகளைத் தாக்கும் கம்போரோ என்ற வைரசு நோய்க்கான தடுப்பூசி நாளில் ஆச்சி அன்போடு தண்ணீர்த் தாங்கிக்குள் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட வாளியை ஊற்றப் போனார். தண்ணீரில் கொடுக்கும் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள வைரசு. அதைக் காப்பாற்றத்தான் குழாய்நீரின் குளோரீனை முறிக்க லீற்றருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்மா கரைக்கிறோம். கிருமி கொல்லும் எதுவும் அன்றும், அதற்கு முந்தைய நாளும் மறுநாளும் தாங்கிக்குள் போகக் கூடாது. மூலிகைத் தண்ணீர் கிருமியைக் கொல்லும் என்று நம்பினால், தடுப்பூசியையும் கொல்லும் என்று பயப்படத்தானே வேண்டும். மகன் ஓடிவந்து வாளியைப் பிடித்தான்.

நிறுத்துப் பார்த்தது

ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்துக்கு 15 கோழி நிறுத்தோம். கையில் அகப்பட்டதைப் பிடித்தால் சோர்ந்ததும் சிறியதும்தான் அகப்படும். அதனால் பலகையால் ஒரு மூலையை மறித்து, அதற்குள் அகப்பட்டதில் ஒன்றையும் விடாமல் நிறுத்தோம்.

35ஆம் நாள் மூலிகைப் பக்கம் சராசரியில் 45 கிராம் கூட. உமியும் அந்தப் பக்கம் காய்ந்து, காலில் ஒட்டாமல் இருந்தது. அக்காவின் முகத்தில் வெளிச்சம். எனக்கும்தான். ஆனால் ஒரே பக்கத்து 15 கோழிக்குள்ளேயே பெரியதுக்கும் சிறியதுக்கும் 300 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தபோது, 45 கிராம் என்பது பெரிய சாட்சி இல்லை. அப்புறம் மேற்குப் பக்கம் மேடு என்பதும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

கார்த்திகையில் நான்காம் தொகுதி வந்தது. வாடைமழைக் காலம். பக்கத்தை மாற்றினோம்: மூலிகை கிழக்குக்கு, மேற்குக்கு ஒன்றுமில்லை. இந்தமுறை மேற்குப் பக்கம், அதாவது மூலிகை இல்லாத பக்கம், 30 கிராம் கூட. காய்ந்த உமியும் மேற்கில்தான். மூலிகை இடம் மாறியது, நல்ல எடை இடம் மாறவில்லை.

கிழக்குப் பக்கத்து உமியைக் கிளறிக்கொண்டே போனோம். தாங்கிக் குழாயின் மூட்டு சொட்டிக்கொண்டிருந்தது. உமிக்குக் கீழே இருந்ததால் ஒருவர் கண்ணுக்கும் படவில்லை. ஈர உமியில் எச்சம் புளித்து அமோனியா எழும்பும். இரத்தக்கழிச்சல் கிருமியின் முட்டைகளும் ஈரத்தில்தான் முற்றுகின்றன. அந்தச் சொட்டுத் தண்ணீர் நான்கு தொகுதிகளாக அந்தப் பாதியைப் பின்னுக்கு இழுத்திருக்கிறது. ஒரு ரப்பர் வளையம் மாற்றியதில் வேலை முடிந்தது.

ஆகவே மூலிகை வேலை செய்யவில்லை என்று நான் எழுதுகிறேனா? இல்லை. மூலிகைத் தீன் ஆய்வுகளில் நல்ல பலன் காட்டியவையும் உண்டு, பலனே காணாதவையும் உண்டு. வித்தியாசம் வரும்போது பெரும்பாலும் சில விழுக்காடுதான். அவ்வளவு சிறிய வித்தியாசத்தைப் பிடிக்க, ஒரு வலையும் இரண்டு பாதியும் போதாது. பல சிறு அறைகள் வேண்டும், மூலிகையும் வெறுந்தீனும் குலுக்கிப் போட்டு வைக்க வேண்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்து விலங்கு விஞ்ஞானத் துறையும், அதே பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கோணேசபுரியில் சித்த மருத்துவம் படிப்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்தால் இது முடியாத வேலை அல்ல. சரக்கை அறிந்தவர்கள் ஒருபக்கம், கோழியை அறிந்தவர்கள் மறுபக்கம், நடுவில் ஒரு கடற்கரைப் பாதை.

இந்தக் கொட்டில் காட்டியது வேறொன்று, எனக்கு அது சிறியதாகப் படவில்லை. மூன்றாம் தொகுதியில் 300இல் 9 செத்தன, நான்காவதில் 11. இரண்டிலும் அன்டிபயோட்டிக் ஒரு துளிகூட இல்லை, வலையின் எந்தப் பக்கத்திலும். அந்தப் பொடி இல்லாமல் குஞ்சு நிற்காது என்ற பயத்தில் மகன் இருந்தான். இப்போது இல்லை. அவன் செய்யத் தொடங்கியவை சாதாரணமானவை. முதல் வாரம் குஞ்சுகளின் மேல் சூடு 32 பாகையில் நிற்கிறதா என்று இரவில் எழும்பிப் பார்க்கிறான். தொகுதிக்கும் தொகுதிக்கும் நடுவில் கொட்டிலைக் கழுவி இரண்டு வாரம் வெறுமையாக விடுகிறான். கச்சான் காலத்தில் உச்சிவெயிலுக்கு முன் தீன்தட்டைத் தூக்கி, குளிர்ந்த தண்ணீரில் தேசிக்காயும் உப்பும் சீனியும் அளவாகக் கரைத்து வைக்கத் திட்டம் வைத்திருக்கிறான். தகரத்துக்கு மேல் கிடுகை இரண்டு மடங்காக்கியும்விட்டான்.

விற்கும்போது என்ன சொல்வது

காக்காவுக்கு ஒரு யோசனை இருந்தது. 'மூலிகைக் கோழி' என்று பலகை எழுதினால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டி விற்கலாம். ஆட்கள் வாங்குவார்கள் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் வாங்குபவர் என்ன நினைத்து வாங்குகிறார்? இந்தக் கோழியைத் தின்றால் உடம்புக்கு நல்லது என்று. மஞ்சள் தின்ற கோழியின் இறைச்சி நோய் தீர்க்கும் என்று சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. அக்காவும் நானும் நீண்ட நேரம் கதைத்தோம். கடைசியில் அக்காதான் முடிவு சொன்னார்: "அன்டிபயோட்டிக் போடாத கோழி எண்டு சொல்லுங்க காக்கா. அதுக்கு என்ட கொப்பியில சாட்சி இருக்கு."

காக்கா அதையே எழுதினார். கிலோவுக்குக் கூட்டி விற்கவில்லை, ஆனால் முன்கூட்டியே கேட்டு வைக்கும் வீடுகள் சில சேர்ந்திருக்கின்றன.

ஆச்சிக்கு இந்த முடிவுகளால் மனக்குறை வந்துவிடுமோ என்று பயந்தேன். அவருக்கு ஒன்றுமில்லை. முற்றத்து ஊர்க்கோழியொன்று சோர்ந்து நின்றபோது வழக்கம்போல அம்மியில் அரைத்து மூன்று நாள் உருண்டை கொடுத்தார். ஊர்க்கோழிகளுக்கும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடுவோம் ஆச்சி, உருண்டை உருண்டையாகவே இருக்கட்டும் என்று கேட்டேன். சரி என்றார், ஆனால் பிடித்துத் தருவது என் வேலை என்றும் சொன்னார். மாமரத்தில் ஏறி நிற்கும் ஊர்க்கோழியைப் பிடிக்க இருட்டும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மீன்வலையை இன்னும் அவிழ்க்கவில்லை. தையில் புதுக் குஞ்சு வருகிறது. இந்தமுறை கருஞ்சீரகம், மூட்டைக்கு 250 கிராம், எண்ணெய் இரண்டு பக்கமும். எந்தப் பக்கத்துக்கு என்பதை மகன் நாணயம் சுண்டிப் பார்த்து முடிவு செய்திருக்கிறான். கிழக்கு விழுந்திருக்கிறது.